தங்கேஸ்வரிக்குச் சிங்களம் வராத நாள்

1. கந்தோரில்

அன்று பிரதேச செயலகக் கந்தோரில் தங்கேஸ்வரிக்குச் சிங்களம் வரவில்லை.

தோட்டத் தொழிலாளர் சங்க வேலையில் நான் எத்தனையோ தோல்விகளைப் பார்த்திருக்கிறேன். பேச்சுவார்த்தை முறிந்திருக்கிறது. ஸ்ட்ரைக் பாதியில் கலைந்திருக்கிறது. நம்பியிருந்த தோட்டத் தலைவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் என் வேலைக் காலத்தைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் காலைப்பொழுதுதான்.

தங்கேஸ்வரி எங்கள் சங்கத்தின் ஆர்கனைசர். கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களை நானும் அவளுமாகப் பார்த்துக்கொண்டோம். நான் ரப்பர் மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்துவிட்டுச் சங்கத்துக்கு வந்தவள். எனக்குச் சிங்களம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான அளவுதான் வரும். அவள் அப்படியில்லை. பக்கத்தில் இருந்த தமிழ்ப் பாடசாலையில் மேல் வகுப்பு இல்லாததால் அவளுடைய அப்பா அவளைச் சிங்களப் பாடசாலையில் சேர்த்தார். அவள் பேசினால் கந்தோரில் இருப்பவர்கள் தலையை நிமிர்த்திப் பார்ப்பார்கள். தோட்டத்துப் பெண் என்று நம்பமாட்டார்கள்.

அன்றைய விஷயம் வீடு கட்டுவதற்கான காணி. அரநாயக்கப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெருமழைக்குப் பிறகு தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மண் வெடித்துவிட்டது. அதிகாரிகள் வந்து பார்த்து, இனி இங்கே யாரும் படுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். குடும்பங்களை மூடிக்கிடந்த தேயிலை ஸ்டோர் ஒன்றில் கொண்டுபோய் வைத்தார்கள். சேலையைக் கட்டி மறைத்து, மறைப்புக்கு ஒரு குடும்பம் என்று இருந்தார்கள். தற்காலிகம் என்று சொன்னார்கள். அடுத்த மழைக்காலமும் வந்து போய்விட்டது.

தோட்டத்தை நடத்தும் கம்பனி, ஓடைக்குப் பக்கத்தில் பள்ளமான ஓர் இடத்தைத் தருவதாகச் சொன்னது. மழை பெய்தால் அங்கே முழங்கால் வரை தண்ணீர் நிற்கும். சனங்கள் கேட்டது ரோட்டோரத்து மேட்டு நிலம். அதைத்தான் தங்கேஸ்வரி அன்றைக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் தோட்ட மேனேஜரான துரையும் கம்பனி ஆட்களும், மறுபக்கம் நாங்களும் ஸ்டோரில் இருந்து வந்தவர்களும், நடுவில் பிரதேச செயலாளர். துரை தன் பேச்சை முடித்தார். செயலாளர் எங்கள் பக்கம் திரும்பினார்.

தங்கேஸ்வரி எழுந்தாள். அவளுடைய உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. யோசிக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு அவள் கையைப் பார்த்தேன். மேசையின் விளிம்பை விரல் வெளுத்துப்போகும் அளவுக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிரதேச செயலாளர் நல்ல மனிதர். "நங்கி, வத்துர டிக்கக் பொன்ன" தங்கச்சி, கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள் என்று தன் முன்னால் இருந்த கிளாசை நகர்த்தி வைத்தார். அவள் தண்ணீரைக் குடித்தாள். அப்புறமும் பேச்சு வரவில்லை. சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. கடைசியில் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்:

"அக்கா, எனக்கு ஒன்னுமே வரமாட்டேங்குது."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். ஃபைலும் கைப்பையும் நாற்காலியிலேயே இருந்தன. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் வேறொரு நாள் தரும்படி கேட்டேன். தந்தார்கள். கம்பனிக்காரர்கள் சந்தோஷமாக எழுந்து போனார்கள்.

வெளியே மரத்தடியில் ஸ்டோர் சனங்கள் கூடி நின்றார்கள். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பஸ் பிடித்து வந்தவர்கள். அவர்களுடைய கோபம் நியாயம்தான். ஆனால் பெரியசாமி என்பவர், அவருக்கும் ஸ்டோரில்தான் குடும்பம், "கம்பனிக்காரன் ஏதாச்சும் குடுத்துட்டானோ என்னமோ" என்றார். பக்கத்துச் சிமெந்துக் கட்டின் மேல் தங்கேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழுந்தது. அவள் திரும்பவில்லை.

2. எல்லாவற்றுக்கும் ஓர் ஆள்

எங்கள் பக்கம் தமிழர்கள் குறைவு. நுவரெலியா மாதிரி இல்லை. பொலிசுக்குப் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்கப் போனாலும் சிங்களத்தில்தான் வேலை நடக்கும். கடையில் பேசுகிற சிங்களம் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். ஒரு ஃபோர்மை நிரப்பவோ, அதிகாரியிடம் நியாயம் கேட்கவோ அது போதாது. அதனால் எதற்கும் ஒரே பதில்தான்: தங்கேஸ்வரியைக் கூப்பிடு.

அவளும் போனாள். புருஷன் அடித்த பெண்ணோடு பொலிசுக்குப் போனாள். கரவனெல்ல ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னதைக் கிழவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். லேபர் கந்தோரில் வழக்குக்கு நின்றாள். அவளுடைய போன் நம்பர் இல்லாத லயம் கிடையாது. எடுக்காவிட்டால் வாட்ஸ்அப்பில் குரலாகப் பேசி அனுப்புவார்கள். சோற்றில் கைவைத்தபடியே அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள்.

சங்க வேலையில் இருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமிப் போயாவும் லீவு இல்லை. அன்றைக்குத்தான் தொழிலாளர்கள் வீட்டில் இருப்பார்கள், அன்றைக்குத்தான் கூட்டம் வைக்கலாம். மற்ற நாட்களில் கந்தோர்கள் திறந்திருக்கும். ஆக எல்லா நாளும் வேலை நாள்தான். ஆம்பிளை ஆர்கனைசர்கள் வீட்டுக்குப் போனால் சாப்பாடு இருக்கும். அவள் வீட்டுக்குப் போய்த்தான் சமைக்க வேண்டும். புருஷன் சிவகுமார் கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வருவார். மகள் பவித்ராவை மாமியார் பார்த்துக்கொண்டார்.

மே தின மேடையில் எங்கள் தலைவர் மைக்கைப் பிடித்து, "நம்ம தங்கேஸ்வரிக்குத் தூக்கமே தேவையில்ல, அப்படி ஒரு போராளி" என்று சொன்னார். கூட்டம் கைதட்டியது. அவள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தாள். அவளுக்கு அது பெருமையாக இருந்தது என்பது எனக்குத் தெரியும். இந்த வேலையில் எங்களுக்குக் கிடைக்கிற மெடல் அது ஒன்றுதான்.

3. மகளுக்குச் சொன்ன பதில்

ஒரே நாளில் யாரும் இப்படி ஆகிவிடுவதில்லை. அவளுக்கும் மெல்ல மெல்லத்தான் வந்தது.

முதலில் சாப்பாடு குறைந்தது. பார்சல் சோறு வாங்கி வைப்பாள், பின்னேரம் நாய்க்குப் போடுவாள். பிறகு தலைவலி. ஆஸ்பத்திரிக்கு வேறு யாரையோ கூட்டிக்கொண்டு போனபோது அங்கே இருந்த டொக்டர் அவளுக்கும் பிரஷர் பார்த்தார். "இப்படியே போனால் விழுந்துவிடுவீர்கள், இரண்டு கிழமை, பதினாலு நாளாவது வீட்டில் இருங்கள்" என்றாராம். காணி கிடைத்ததும் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். என்னிடம் அதைச் சிரித்துக்கொண்டே ஒரு பகிடி மாதிரிச் சொன்னாள்.

அப்புறம் கோபம். அவளைக் கோபக்காரி என்று அதற்கு முன்னால் யாரும் சொன்னதில்லை. ஸ்டோரில் முனியம்மா என்று ஒரு அக்கா இருந்தார். கொழுந்து பறிக்கிறவர். பேத்தியை வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். ஒரு போயா நாள் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. தங்கேஸ்வரி மறைப்புச் சேலையை விலக்கிப் பார்த்தால் முனியம்மா படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

"உங்களுக்காகத்தான் நாங்க செத்துக்கிட்டு இருக்கோம். உங்களுக்கு எப்படித் தூக்கம் வருது?" என்று எல்லார் முன்னாலும் ஏசினாள்.

முனியம்மா எழுந்து உட்கார்ந்து முந்தானையைச் சரி செய்துகொண்டார். கூட்டத்துக்கு வந்து பின்னால் இருந்தார். திரும்பி வரும்போது நான் தங்கேஸ்வரியிடம், நீ பேசியது சரியில்லை, கொஞ்ச நாள் வீட்டில் இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "நீங்க எப்படிக்கா பாப்பீங்க? கந்தோர்ல போய் என்னா பேசுவீங்க?" என்று கேட்டாள். என்னைக் குத்துவதற்காகக் கேட்கவில்லை. உண்மையைத்தான் கேட்டாள்.

இன்னொன்றை அவளே என்னிடம் சொன்னாள். பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது சொன்னாள். அதற்கு முதல்நாள் அவள் மகஜர் ஒன்று எழுதிக்கொண்டிருக்கும்போது பவித்ரா பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, எனக்குக் காய்ச்சலா இருக்கு" என்றாளாம். இவள் தலையைத் தூக்காமலே, "கடிதமா எழுதிக் குடுங்க, பாப்போம்" என்று சொல்லிவிட்டாள். கந்தோர் வாசலில் வந்து கேட்கும் ஆட்களுக்கு அவள் சொல்லும் பதில் அது.

"என்னா சொன்னேன்னு எனக்கே தெரியல அக்கா. அப்பறந்தான் வெளங்கிச்சு, புள்ள சிரிக்கும்னு பாத்தேன். அது போயி ஒரு கொப்பித் தாளக் கிழிச்சு எழுதிக்கிட்டு வந்து நிக்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு முடிந்த பிறகும் அவள் வாய் அப்படியே இருந்தது. அதற்குள் பஸ் வந்துவிட்டது. கந்தோரில் அந்தச் சம்பவம் நடந்தது அதற்கு அடுத்த மாதம்.

4. அவளுடைய அம்மா வீட்டில்

கந்தோரில் இருந்து போனவள் வேலைக்குத் திரும்பவில்லை. போனை அணைத்துவிட்டாள். கரவனெல்லவுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அவளுடைய அம்மா வீட்டில் இருப்பதாகச் சிவகுமார் சொன்னார். தலைவர் என்னைக் கூப்பிட்டு, ஒரு கிழமை ரெஸ்ட் எடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள் என்றார். சொல்லலாம் என்று போனேன்.

அவள் முன்னறையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். பகல்தான், ஆனால் ஜன்னல் சாத்தியிருந்தது. தலையை யாரோ வாரிவிட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தேத்தண்ணி கொண்டுவந்தாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். கண் மட்டும் என் மேல் நிற்கவில்லை.

ஸ்டோரைப் பற்றி நான் எதுவும் பேசக்கூடாது என்று நினைத்துப் போயிருந்தேன். அவளே ஆரம்பித்தாள். பெரியசாமி சொன்னதைப் பற்றி நான் கேட்டபோது, அதில்லை என்றாள்.

"அவரு சொன்னது வலிக்கலக்கா. வலிக்கும்னு பாத்துக்கிட்டு இருந்தேன், வலிக்கல. முனியம்மாக்கா மழையில நனைஞ்சாலும் எனக்கு ஒன்னும் தோணாது இப்ப. போன் அடிக்கிற சத்தம் கேட்டா மட்டும் எந்திரிச்சு வெளிய போயிர்றேன். நான் அப்படிப்பட்ட ஆளாக்கா?"

இல்லை என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பவில்லை. வெளியே அவளுடைய அம்மா விறகு பிளந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு வெட்டுச் சத்தத்துக்கும் தங்கேஸ்வரியின் தோள் குலுங்கியது. நான் எழுந்துபோய் அம்மாவிடம், கொஞ்சம் பொறுத்துப் பிளக்கலாமா என்று கேட்டேன். அவர் கோடரியை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தலைவர் சொல்லச் சொன்ன செய்தியை நான் சொல்லவில்லை. ஒரு கிழமையில் ஆறுகிற விஷயமாக அது எனக்குத் தெரியவில்லை.

பிறகு அவளைக் கண்டியில் ஒரு டொக்டரிடம் காட்டினார்கள். மருந்து கொடுத்தார்கள். நித்திரை வந்தது, சாப்பாடு இறங்கியது. மகளைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். சங்கத்துக்கு மட்டும் வரவில்லை. ராஜினாமா என்று எதுவும் எழுதித் தரவும் இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

5. கமிட்டியில் நடந்தது

அவள் போன பிறகு அவளுடைய போன் அழைப்புகளெல்லாம் எனக்கு வரத் தொடங்கின. சில மாதங்களில் எனக்கும் பார்சல் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் கமிட்டியில் இந்த விஷயத்தை எழுப்பினேன். ஆர்கனைசர் ஒவ்வொருவருக்கும் கிழமைக்கு ஒரு நாள் போன் கையில் இருக்கக்கூடாது, அன்றைக்கு வேறொருவர் பார்க்க வேண்டும். சில மாதத்துக்கு ஒரு தடவை ஒரு கிழமை முழு லீவு. ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் விடக்கூடாது. ஒவ்வொரு தோட்டத்து டிவிசனிலும் சிங்களம் படித்த இரண்டு பேரையாவது கந்தோர் வேலைக்குப் பழக்க வேண்டும்.

பெரிய வாக்குவாதம் வந்தது. இரத்தினபுரியில் இருந்து வந்த ஒரு மூத்த தோழர் எழுந்து, "சனம் ஸ்டோர்ல கெடக்கு. நாங்க லீவு போட்டுட்டு வீட்ல படுக்கிறதா? இது என்னா சங்கமா, கவர்மெண்ட் உத்தியோகமா?" என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. நாற்பது வயதில் இருதயத்தில் ஒப்பரேஷன் செய்துகொண்டு, மறுமாதமே ஊர்வலத்தில் நடந்தவர். அதை அவரும் மெடலாகத்தான் வைத்திருந்தார். நான் எதைச் சொன்னாலும் அது சோம்பேறித்தனம் மாதிரித்தான் கேட்டது.

ஸ்டோர்க் குடும்பங்கள் சார்பில் முனியம்மா வந்திருந்தார். கமிட்டியில் அவர் பேசி நான் பார்த்ததில்லை. பேசலாமா என்று கேட்டார்.

"அந்தப் புள்ள என்னைய ஏசுனிச்சு. எனக்குக் கோவம் வரல. பயந்துட்டேன். அது கண்ணு அது கண்ணாவே இல்ல. நாங்க யாருமே நீ சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேக்கல. இப்ப எங்களுக்குக் கந்தோர்ல பேச ஆளு இல்ல. நீங்க லீவு போட்டா நாங்க கொஞ்ச நாள் சும்மா இருப்போம். நீங்க போயிட்டா நாங்க எங்க போறது?"

மூத்த தோழர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தீர்மானம் நிறைவேறியது, ஆனால் அரைமனதோடுதான். அதற்குப் பிறகும் லீவு நாளில் ஒளிந்து போன் பேசுகிறவர்கள் இருந்தார்கள். நானும் முதல் லீவுக் கிழமையில் வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்துகொண்டே இருந்தேன். உட்காரப் பழக எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

கந்தோர் வேலைக்குப் பழகியவர்களில் இரண்டு பேர் நன்றாகத் தேறினார்கள். தங்கேஸ்வரி மாதிரி ஒருவரும் இல்லை. அவள் ஒரு தடவையில் முடித்ததை இவர்கள் மூன்று தடவை போய் முடித்தார்கள். குறித்துவைத்த தேதிகள் தள்ளிப்போயின. ஆனாலும் ரோட்டோரத்து நிலம் பாதிக் குடும்பங்களுக்குக் கிடைத்தது. மீதிப் பேருக்கு அடுத்த கட்டத்தில் என்றார்கள்.

6. ரம்புக்கனையில்

சிவகுமார் கொழும்பு வேலையை விட்டுவிட்டு ரம்புக்கனையில் ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கடை எடுத்தார். தங்கேஸ்வரியும் கடையில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். முகம் தேறியிருந்தது. பவித்ரா உயரமாகிவிட்டாள். நாங்கள் சாமான் விலை பேசுவோம், பிள்ளையின் படிப்பைப் பேசுவோம். சங்கத்தைப் பேசமாட்டோம். நான் அந்தப் பேச்சை எடுத்த ஒரே தடவை, அவள் உள்ளே போய் நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

நிலம் கிடைத்தவர்களுக்கு வீடு கட்டி முடித்து, குடிபுகும் நாள் குறித்ததும் ஸ்டோர் சனங்கள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்கள். முதல் வீட்டில் பால் காய்ச்ச தங்கேஸ்வரிதான் வரவேண்டும். அதைக் கேட்டவர்களில் பெரியசாமியும் இருந்தார். அவரே என்னோடு ரம்புக்கனைக்கு வந்தார். கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "அன்னைக்கு வாய் தவறிடுச்சு தங்கச்சி" என்றார். தங்கேஸ்வரி அவருக்கு முக்காலி போட்டு, சோடா உடைத்துக் கொடுத்தாள். பரவாயில்லை அண்ணே என்றாள். அவள் குரலில் கோபமும் இல்லை, பாசமும் இல்லை. வழியில் போகிற ஆளுக்குச் சொல்வது மாதிரி இருந்தது.

பெரியசாமி ஸ்டேஷன் பக்கம் போன பிறகு என்னிடம் சொன்னாள்: "நான் வந்தா அழுவாங்க. எல்லாரும் கையப் பிடிப்பாங்க. எனக்கு உள்ள ஒன்னும் வராம நான் சும்மா நிக்கணும். அதப் பாக்க எனக்குத் தைரியம் இல்லக்கா. என்னைய விட்டுருங்க."

விட்டுவிட்டேன். பால் காய்ச்சியது முனியம்மா. பால் பொங்கும்போது எல்லாரும் குலவையிட்டார்கள். நான் வீட்டுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இதைப் படிக்கிற இளம் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. ஓய்வு என்பது வேலை முடிந்த பிறகு எடுப்பது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். எங்களுடைய வேலை முடிகிற வேலை இல்லை. காணி வந்தால் வீடு, வீடு வந்தால் அதற்கு உறுதிப் பத்திரம், அதற்குப் பிறகு சம்பளம், சம்பளம் முடிந்தால் மறுபடியும் மழை. முடிந்த பிறகு என்று ஒரு நாள் வராது. அவள் விழுந்த பிறகு ஓய்வு கொடுத்தோம். அந்த ஓய்வு அவளுக்கு உயிரைத் திருப்பிக் கொடுத்தது, மகளைத் திருப்பிக் கொடுத்தது. எங்களுக்கு அவளைத் திருப்பித் தரவில்லை. அவள் சங்கத்தில் நின்றிருந்தால் இன்னும் எத்தனையோ வருஷம் வேலை செய்திருப்பாள். எத்தனை குடும்பம் இன்றைக்கு மேட்டு நிலத்தில் இருந்திருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஓய்வு எடுக்கிறவன் போராட்டத்தை விட்டு ஓடுகிறவன் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவரிடம் கேளுங்கள்.

நான் இப்போது முழுநேர வேலையில் இல்லை. கூப்பிட்டால் போவேன். மீதிக் குடும்பங்கள் இன்னமும் ஸ்டோரில்தான் இருக்கின்றன. போன போயாவுக்கும் அங்கே கூட்டம் நடந்தது. அடுத்த பேச்சுவார்த்தைக்கு யார் போவது, என்ன கேட்பது என்று பேசிக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் குறையத் தொடங்கியது. பேச வேண்டியது இன்னும் நிறைய இருந்தது. இன்றைக்கு இது போதும் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தோம். எல்லாரும் எழுந்து அவரவர் பாயைத் தட்டிச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.